இ.எம்.டி. தேர்வை இரண்டாம் முறை எழுதப்போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் வேலைக்குப் போக விரும்புபவர்கள் பெரும்பாலான மாநிலங்களில் முதலில் தாண்ட வேண்டிய படி, நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்ற தேசியச் சான்றளிப்பு அமைப்பு நடத்தும் இ.எம்.டி. (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன், அவசர மருத்துவ உதவியாளர்) தேர்வு. ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் இருந்து இயங்கும் இந்த அமைப்பு 1970-இல் தொடங்கப்பட்டது. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் நோயாளிகளோடு நேரடியாகப் பழகிய அனுபவம் வேண்டும் என்று இந்தப் பயிற்சியில் சேரும் மாணவர்களும் உண்டு. அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வகுப்பில் நல்ல மதிப்பெண், செய்முறையிலும் குறை இல்லை, கணினி முன் உட்கார்ந்து எழுதிய தேர்வில் மட்டும் தேறவில்லை என்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

தேறாதவர் மறுநாள் காலையில் செய்யும் முதல் வேலை, ஆயிரத்துச் சொச்சம் பக்கமுள்ள பாடப்புத்தகத்தை முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி திறப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். படித்தது போன்ற திருப்தி கிடைக்கும், தவறிய இடம் தவறியபடியே இருக்கும். இந்தத் தேர்வில் பலர் சறுக்குவது நோய்களைப் பற்றித் தெரியாததால் அல்ல. எதை முதலில் செய்வது என்ற வரிசை தடுமாறுவதால்தான். மாரடைப்பின் அறிகுறிகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர், மூச்சே சரியாக விடாத மாரடைப்பு நோயாளிக்கு ஆஸ்பிரினை எடுத்து நீட்டுவார். அங்கேதான் கேள்வி போகிறது.

தேர்வு எப்படி இயங்குகிறது என்று புரிந்தால் பாதிப் பதற்றம் குறையும். 70 முதல் 120 கேள்விகள், அதிகபட்சம் இரண்டு மணி நேரம். உங்கள் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி தீர்மானிக்கிறது. சரியாகச் சொன்னால் இன்னும் கடினமானது வரும், தவறினால் சற்று எளிதானது வரும். நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 சதவீதம் உறுதியானதும் தேர்வு நின்றுவிடும். ஆகவே நன்றாகப் படித்தவருக்கும் தேர்வு முழுக்கக் கடினமாகவே தோன்றும். பாதிக் கேள்வியில் தடுமாறுகிறோமே என்று நினைப்பது தோல்வியின் அறிகுறி இல்லை. 70-இல் நின்றால் தேர்ச்சி, 120 வரை போனால் தோல்வி என்று ஒரு பேச்சு சுற்றிவருகிறது. இரண்டும் இரண்டு பக்கமும் நடக்கும். கடைசிக் கேள்வி எளிதாக இருந்ததா கடினமாக இருந்ததா என்று ஜோசியம் பார்ப்பதும் வீண். வரும் கேள்விகளில் பத்து, மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகள். எவை என்று உங்களுக்குத் தெரியாது. வகுப்பில் கேள்வியே படாத ஒன்று வந்தால் அது அந்தப் பத்தில் ஒன்றாக இருக்கலாம். இருப்பதில் நல்ல பதிலைத் தேர்ந்துவிட்டு நகருங்கள். விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வர இந்தத் தேர்வில் வழி இல்லை.

தேறாதவர்களுக்கு நேஷனல் ரெஜிஸ்ட்ரி இணையதளத்தில் உள்ள அவரவர் கணக்கில் ஒரு அறிக்கை வரும். ஒவ்வொரு பகுதியிலும் நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருந்தீர்களா, அருகிலா, கீழேயா என்று அதில் இருக்கும். பலர் மனம் நொந்து அதை ஒரே ஒரு முறை பார்த்து மூடிவிடுகிறார்கள். அடுத்த மூன்று வாரத்தின் வரைபடமே அதுதான். அச்சிட்டு மேசைக்கு எதிரே ஒட்டுங்கள்.

2025 ஏப்ரலில் இருந்து பகுதிகளின் பெயர்களே மாறிவிட்டன என்பதையும் கவனிக்க வேண்டும். முன்பு சுவாசப்பாதை, இதயம், விபத்துக் காயம், மருத்துவம், செயல்பாடு என்று நோய்வாரியாகப் பிரித்திருந்தார்கள். இப்போது சம்பவ இடத்துக்குப் போனதில் இருந்து நோயாளியை ஒப்படைப்பது வரையான வேலையின் ஓட்டத்தை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். இடத்தை நோட்டமிட்டுப் பாதுகாப்பை உறுதிசெய்வது 15 முதல் 19 சதவீதம், முதல்நிலைப் பரிசோதனை 39 முதல் 43, இரண்டாம் நிலைப் பரிசோதனை 5 முதல் 9, சிகிச்சையும் கொண்டுசெல்வதும் 20 முதல் 24, செயல்பாடு 10 முதல் 14. கூட்டிப் பாருங்கள். இடத்தின் பாதுகாப்பும் முதல்நிலைப் பரிசோதனையும் சேர்ந்தாலே தேர்வில் பாதிக்கு மேல். நோயாளியைப் பார்த்த முதல் இரண்டு நிமிடத்தில் நீங்கள் செய்வதைத்தான் இந்தத் தேர்வு துருவித் துருவிக் கேட்கிறது. அறிக்கையில் அந்த வரி 'கீழே' என்று இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு கேள்வியைக் கிட்டே வைத்துப் பார்ப்போம்.

62 வயதுப் பெண், நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். கூப்பிட்டால் முனகல் மட்டும். மூச்சு நிமிடத்துக்கு 8, மார்பு லேசாகத்தான் எழுகிறது. உதடு நீலம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 84 சதவீதம். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கிறது, வீட்டில் எப்போதும் 2 லிட்டர் ஆக்சிஜன், இரண்டு நாளாக இருமல் என்கிறார் கணவர். அடுத்து என்ன செய்வீர்கள்? மூக்குக் குழாயின் ஆக்சிஜனை 4 லிட்டராகக் கூட்டுவது, நான்-ரீப்ரீதர் மாஸ்க்கில் 15 லிட்டர் தருவது, பேக் வால்வ் மாஸ்க்கால் (கையால் அழுத்திக் காற்றை உள்ளே செலுத்தும் பை) மூச்சுக்கு உதவுவது, அவருடைய இன்ஹேலரை எடுத்துக் கொடுப்பது. இந்த நான்கில் ஒன்று.

சி.ஓ.பி.டி. என்ற சொல்லைப் பார்த்ததும் 'இவர்களுக்கு ஆக்சிஜன் அதிகம் தரக்கூடாது' என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்து முதல் பதிலுக்குக் கை போகும். கொஞ்சம் தேறியவர் 84 என்ற எண்ணைப் பார்த்து நான்-ரீப்ரீதரைத் தேர்வார். இரண்டும் தவறு. மாஸ்க் ஆக்சிஜனை முகத்தருகே கொண்டுவந்து வைக்கும், அவ்வளவுதான். அதை நுரையீரலுக்குள் இழுப்பது நோயாளியின் வேலை. நிமிடத்துக்கு எட்டு முறை, அதுவும் மேலோட்டமாக மூச்சுவிடுபவரால் அந்த வேலை நடக்காது, கரியமில வாயுவும் உள்ளேயே தேங்கும். இன்ஹேலர் மருந்தையும் ஆழமாக இழுக்க வேண்டும். முனகுபவரால் முடியாது. ஆக, 15 லிட்டர் ஆக்சிஜன் இணைத்த பேக் வால்வ் மாஸ்க்தான் பதில். நோய் எதுவானாலும் மூச்சு போதவில்லை என்றால் மூச்சுக் கொடுக்க வேண்டும்.

இதே பெண்ணின் மூச்சை 28 ஆக்கி, முழு நினைவோடு இரண்டிரண்டு வார்த்தையாகப் பேசவைத்தால் பதில் வேறு. காற்று உள்ளே போய் வருகிறது, ஆகவே ஆக்சிஜனும், தேவைப்பட்டால் மாஸ்க் வழியே தொடர்ந்து காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியும். அவரே பத்து நிமிடம் கழித்துக் கண் சொருகி, மூச்சு 28-இல் இருந்து 10-க்கு இறங்கினால்? 'குறைந்துவிட்டது, நல்லது' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது ஓய்ந்துபோகிற மூச்சு. பையை எடுக்க வேண்டிய நேரம். ஒரே நோயாளியை இப்படி மூன்று விதமாக மாற்றி மாற்றி நீங்களே கேட்டுப் பார்ப்பது நூறு புதுக் கேள்விகளைவிடப் பயன் தரும்.

மயங்கிக் கிடக்கும் போதைமருந்து நோயாளியும் இதே குடும்பம். கண்மணி ஊசிமுனை, மூச்சு 4. போதையை முறிக்கும் மருந்தான நலோக்ஸோனைத் தேடி ஓடத் தோன்றும். ஆனால் முதலில் சுவாசப்பாதையைத் திறந்து மூச்சுக் கொடுக்க வேண்டும், மருந்து அதற்கு அடுத்தது. தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்டால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உறிஞ்சு குழாய். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 15 நொடிக்கு மேல் உறிஞ்சக்கூடாது என்கின்றன பாடநூல்கள். களகளப்போடு பையை அழுத்தினால் வாந்தியை நீங்களே நுரையீரலுக்குள் தள்ளுகிறீர்கள். வாய்வழிக் குழாயை, தொண்டையைத் தொட்டால் உமட்டும் அனிச்சைச் செயல் இல்லாதவருக்கு மட்டும்தான் வைக்கலாம். வாயோரத்தில் இருந்து காது மடல் வரை அளந்து எடுக்க வேண்டும். மூக்குவழிக் குழாய் அந்த அனிச்சைச் செயல் இருப்பவருக்கும் ஆகும், ஆனால் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருக்கும் சந்தேகம் இருந்தால் கூடாது.

ரத்தம் பீறிடும் காயம் மட்டும் சுவாசப்பாதைக்கும் முன்னால் வரும். மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தவரின் தொடையில் பளீரென்ற சிவப்பு ரத்தம் துடித்துத் துடித்து வெளியேறுகிறது, வாயிலும் ரத்தம் நிறைந்திருக்கிறது. இப்போதைய பாடம், உயிரைக் கொல்லும் ரத்தப்போக்கை முதலில் நிறுத்தச் சொல்கிறது. காயத்துக்கு 2 முதல் 3 அங்குலம் மேலே, மூட்டின் மேல் படாமல் டூர்னிகே என்ற இறுக்குப் பட்டையைக் கட்ட வேண்டும். ரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும், நேரத்தைக் குறிக்க வேண்டும், இடையில் தளர்த்தக்கூடாது. அப்புறம் வாய். இதற்கெல்லாம் முன்னால், சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றனவா, பெட்ரோல் ஒழுகுகிறதா என்ற கேள்வி இருக்கிறது. கேள்வித்தாளில் 'இடம் பாதுகாப்பாக உள்ளது' என்ற சொற்றொடர் இருந்தால் அந்தப் படி முடிந்துவிட்டது. அது இல்லாமல், தெருவில் கூச்சல், அறுந்த மின்கம்பி, கையில் கத்தியோடு ஒருவர் என்று எதையாவது காட்டியிருந்தால் நோயாளியைத் தொடும் பதில்கள் அத்தனையும் தவறு.

நான்கில் ஒன்றைத் தேர்வதோடு இப்போது தேர்வு நிற்பதில்லை. படிகளை வரிசைப்படுத்தச் சொல்வார்கள், பொருந்துவன இரண்டோ மூன்றோ எடுக்கச் சொல்வார்கள், இழுத்து உரிய கட்டத்தில் போடச் சொல்வார்கள். தவறானவற்றை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு விடை கண்டுபிடிக்கும் தந்திரம் இவற்றில் எடுபடாது. செய்முறைத் தேர்வுக்குக் கொடுத்த மதிப்பீட்டுத் தாள்களை எடுங்கள். தினமும் ஒரு விபத்து நோயாளி, ஒரு மருத்துவ நோயாளி என்று இரண்டு கதைகளை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது நோயாளியாகப் படுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நீங்கள் கேட்கும் வரை அவர்கள் எண்ணைச் சொல்லக்கூடாது என்பது மட்டுமே விதி. 'மூச்சு எத்தனை?' என்று கேட்க மறந்தால் தெரியாமலேயே போகட்டும். ஒரு வாரத்தில் வரிசை நாக்கில் ஏறிவிடும்.

பயிற்சிக் கேள்விகளில் ஒரு நாளைக்கு 40 போதும். நாற்பது நிமிடம், கைபேசி வேறு அறையில். அதைவிட அதிக நேரம் தவறியவற்றோடு இருக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு தவறுக்கும் காரணம் எழுதுங்கள்: தெரியவில்லை, தெரிந்தும் வரிசை மாறியது, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, சரியானதை எடுத்துவிட்டு மாற்றினேன். இந்த நான்கில் ஒன்றுக்குள் எல்லாமே அடங்கும். பிறகு சரியான பதில் ஏன் சரி என்று ஒரு வரி, நீங்கள் எடுத்தது எந்த நோயாளிக்குச் சரியாக இருந்திருக்கும் என்று இன்னொரு வரி. இரண்டாவது வரிதான் கடினம், பலன் தருவதும் அதுதான். நூறு தவறுகள் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். 'தெரியவில்லை' என்பது நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும். 'மாற்றினேன்' அதிகமாக இருந்தால், கேள்வியில் புதிதாக எதையாவது கண்டுபிடித்தால் ஒழியத் தொட்ட பதிலை மாற்றுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரியாக வாசிக்காத தவறு, ஆங்கிலத்தைப் பள்ளிக்கு வெளியே அதிகம் பேசாதவர்களிடம் கூடுதலாகத் தென்படும். கேள்வியின் கடைசி வாக்கியத்தை முதலில் வாசியுங்கள். 'ஃபர்ஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'மோஸ்ட் லைக்லி', 'பெஸ்ட்' என்று ஒரு சொல் அங்கே இருக்கும். 'ஃபர்ஸ்ட்' கேட்டால் நான்கு பதிலும் சரியான செயலாகவே இருக்கலாம், எது முந்தியது என்பதுதான் கேள்வி. 'நெக்ஸ்ட்' கேட்டால் கேள்விக்குள் ஏற்கெனவே என்னவெல்லாம் செய்துவிட்டார்கள் என்று விரல்விட்டு எண்ண வேண்டும். 'மோஸ்ட் லைக்லி' கேட்டால்தான் நோயின் பெயரை யோசிக்க வேண்டும். அதோடு, கொடுக்காத தகவலைச் சேர்க்காதீர்கள். 'ஒருவேளை அலர்ஜி இருந்தால்', 'ஒருவேளை ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால்' என்று நாமே கதை கட்டினால் தவறான பதிலும் சரியாகத் தெரியும்.

எண்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். தனித்தனியாகப் படித்தால் தேர்வு நாளில் ஒன்றோடொன்று கலந்துவிடும், ஆகவே குழம்பும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மார்பழுத்தம் யாருக்கும் நிமிடத்துக்கு 100 முதல் 120. பெரியவர்களுக்கு ஆழம் 2 அங்குலம், 2.4-ஐத் தாண்டாமல். உதவுபவர் தனி ஆளாக இருந்தால் குழந்தைக்கும் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இரண்டு பேர் இருந்தால் குழந்தைக்கு 15-க்கு 2, பெரியவருக்கு எப்போதும் 30-க்கு 2. நாடி இருந்து மூச்சு இல்லாத பெரியவருக்கு 6 நொடிக்கு ஒரு மூச்சு, குழந்தைக்கு 2 முதல் 3 நொடிக்கு ஒன்று. பிறந்த சிசு தனி உலகம்: நாடி 100-க்குக் கீழே என்றால் மூச்சுக் கொடுக்க வேண்டும், மூச்சுக் கொடுத்தும் 60-க்குக் கீழே நின்றால் மார்பழுத்தம், அதுவும் 3-க்கு 1.

உறுப்புகளுக்கு ரத்தம் போதாத ஷாக் நிலையில் நாடி ஏறும், ரத்த அழுத்தம் இறங்கும். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் ரத்த அழுத்தம் ஏறும், நாடி இறங்கும், மூச்சு ஒழுங்கு தப்பும். இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். தலையில் அடிபட்டவரின் நாடி வேகமாகவும் அழுத்தம் 80 ஆகவும் இருந்தால் தலையை விட்டு வயிற்றையும் இடுப்பையும் பாருங்கள், ரத்தம் வேறெங்கோ போகிறது. சர்க்கரை இறங்கியவருக்குச் சட்டென்று வரும், தோல் சில்லென்று வியர்த்திருக்கும். சர்க்கரை ஏறியவருக்கு நாள்கணக்கில் வரும், தோல் சூடாக உலர்ந்திருக்கும், மூச்சில் பழவாசனை இருக்கும். வாய்வழி குளுக்கோஸ் விழுங்க முடிந்தவருக்கு மட்டும்.

மருந்துகளில் அளவைவிடக் 'கூடாது' என்ற பட்டியல்தான் அதிகம் கேட்கப்படும். ஆஸ்பிரின் 162 முதல் 324 மில்லிகிராம், மென்று விழுங்க வேண்டும், அலர்ஜி இருந்தாலோ உள்ளே ரத்தம் கசிந்தாலோ கூடாது. நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் 0.4 மில்லிகிராம் நாக்கடியில், ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று வரை. ரத்த அழுத்தத்தின் மேல் எண் 100-க்குக் கீழே இருந்தால் கூடாது, சில்டெனாஃபில் போன்ற ஆண்மைக்குறைவு மாத்திரைகளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்திருந்தால் கூடாது. ஒவ்வொரு வில்லைக்கு முன்பும் அழுத்தம் பார்க்காமல் அடுத்ததைக் கொடுத்த பதில் தவறு. கடும் அலர்ஜிக்கான ஊசியான எபிநெஃப்ரின் பேனா பெரியவர்களுக்கு 0.3, குழந்தைகளுக்கு 0.15 மில்லிகிராம். தடிப்பும் அரிப்பும் மட்டும் இருந்தால் பேனா இல்லை. மூச்சுத்திணறலோ அழுத்தச் சரிவோ சேர வேண்டும்.

செயல்பாட்டுப் பகுதியைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். குறைந்த உழைப்பில் மீட்கக்கூடிய பகுதி அது. ஒரே இடத்தில் பலர் அடிபட்டிருக்கும்போது யாரை முதலில் கவனிப்பது என்று ஸ்டார்ட் முறையில் நிறம் கொடுத்துப் பிரிப்பது: நடப்பவர் பச்சை. மூச்சுப்பாதையைத் திறந்தும் மூச்சு இல்லாத பெரியவர் கருப்பு. மூச்சு 30-க்கு மேல், மணிக்கட்டு நாடி இல்லை, சொன்னதைச் செய்ய முடியவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் சிவப்பு. மிச்சம் மஞ்சள். ரசாயனக் கசிவென்றால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில், மேட்டில் நிற்க வேண்டும். இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம்.

அண்ணன் அக்கா விட்டுப்போன பழைய புத்தகம், பழைய கேள்வி ஆப் இவற்றை எச்சரிக்கையோடு தொடுங்கள். விபத்தில் அடிபட்டவர்கள் எல்லோருக்கும் முதுகுப் பலகை, நெஞ்சுவலிக்காரர்கள் எல்லோருக்கும் 15 லிட்டர் ஆக்சிஜன், டூர்னிகே கடைசி வழி என்று இருந்தால் அது காலாவதியானது. இப்போது முதுகெலும்பு அசைவைக் கட்டுப்படுத்துவதுதான் பேச்சு, நெஞ்சுவலிக்கு ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ மூச்சுத் திணறினாலோதான் ஆக்சிஜன்.

தேறாத தேதியில் இருந்து 15 நாள் கழித்து மறுபடி எழுதலாம். பதினாறாவது நாளே எழுத வேண்டும் என்று இல்லை. அறிக்கையில் ஒரே ஒரு பகுதிதான் கீழே என்றால் மூன்று வாரம் போதும், பல பகுதிகள் கீழே என்றால் ஐந்து வாரம் எடுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தால் வகுப்பில் படித்த மீதியும் கரையத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். அனுமதிக் கடிதம் 90 நாள்தான் செல்லும். மூன்று முறை தேறாவிட்டால் மறுபயிற்சி முடித்த சான்று காட்டினால்தான் அடுத்த மூன்று வாய்ப்புகள். ஆறும் போனால் முழுப் பயிற்சியையும் திரும்பச் செய்ய வேண்டும். ஆகவே இரண்டாம் முறையை 'சும்மா எழுதிப் பார்ப்போம்' என்று செலவழிக்காதீர்கள். புதிதாக எடுத்த 120 கேள்விகளை ஒரே மூச்சில் எழுதி, வரிசை மாறிய தவறுகள் ஐந்தாறுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தேதி குறியுங்கள்.

தேர்வு பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் தேர்வு மையத்தில் நடக்கும். அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போடும் நம் வழக்கத்தால் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் வேறு மாதிரி இருக்கும். வாசலில் திருப்பி அனுப்புவதற்கு அது ஒன்றே போதும். விண்ணப்பிக்கும் அன்றே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடுங்கள். முந்தின நாள் புதுக் கேள்வி எதுவும் வேண்டாம், தவறு நோட்டை ஒரு முறை புரட்டினால் போதும். முதல் ஐந்து கேள்விகளில் மட்டும் வேண்டுமென்றே நிதானமாக இருங்கள். பதற்றத்தில் வாசிக்காமல் விடும் சொற்கள் அங்கேதான் அதிகம். முடிவு வழக்கமாக ஓரிரு வேலை நாளில் உங்கள் கணக்கில் வந்துவிடும். தேறிய பிறகு மாநில உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அது கையில் வந்த பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற முடியும்.